ஓர் அணு தவறினால் பத்தாயிரம்: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவம், மருந்தியல், செவிலியர் படிப்புகளின் முதலாண்டு ஆய்வுக்கூடங்களைப் பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் சிலவற்றுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

என் மகள் இவ்வாண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள். டிசெக்‌ஷன் ஹாலுக்கு முதன்முறை போய் வந்த நாளிலிருந்து கறிச்சோற்றைத் தொடுவதில்லை. இது பழகிவிடுமா, அல்லது படிப்பே அவளுக்கு ஒத்துவரவில்லை என்று கொள்ள வேண்டுமா?
– ஒரு தாய், விருதுநகர்

அப்படிக் கொள்ள வேண்டாம். நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று வாரங்களில் தாமாகவே பழகிக்கொண்டார்கள். கறியைத் தொடாததற்கும் நேரடியான காரணம் உண்டு. ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்திய உடலில் தசை சிவப்பாக இருப்பதில்லை. வெந்த இறைச்சியைப் போலப் பழுப்பேறி, இழை இழையாகப் பிரிகிறது. காலையில் அதைப் பார்த்தவர் மதியம் தட்டில் அதே நிறத்தைப் பார்த்தால் கை தயங்கத்தான் செய்யும்.

மனத்தைவிட உடம்புக்கு வரும் தொல்லையே முதலில் கவனிக்க வேண்டியது. கண் எரிவதும் மூக்கில் நீர் வடிவதும் அச்சத்தால் அல்ல, ஃபார்மால்டிஹைடு ஆவியால். ஆகவே கான்டாக்ட் லென்ஸைத் தவிர்த்துக் கண்ணாடி அணிவதும், தலைமுடியை இறுகக் கட்டிக்கொள்வதும், வெள்ளைக் கோட்டை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைப்பதும், சன்னல் திறந்திருக்கும் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குவதும் நல்லது. ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெடுகிறதென்றாலோ, அண்மையில் வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்திருந்தாலோ, வகுப்பாசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன மாணவரை யாரும் குறைவாக எண்ணி நான் பார்த்ததில்லை.

பி.பார்ம் முதலாண்டு படிக்கிறேன். ரத்தச் சிவப்பணு எண்ணும் ஆய்வில் என் ரத்தத்தையே மூன்று முறை எண்ணினேன். 47 லட்சம், 51 லட்சம், 41 லட்சம் என்று மூன்று விடைகள் வந்தன. ‘ரெக்கார்டு நோட்டில் 48 லட்சம் என்று எழுதிவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்’ என்கிறார்கள் சீனியர்கள். எதை எழுதுவது?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

மூன்றையும் எழுதுங்கள். அதற்குமுன், அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்துவிடுவோம். ஏனெனில் இந்த ஆய்வு கற்பிப்பது சிவப்பணுவைப் பற்றி மட்டுமன்று.

நீங்கள் பயன்படுத்திய பிபெட் என்ற உறிஞ்சுகுழாயில் 0.5, 1, 101 என்று மூன்று குறிகளும், குமிழுக்குள் ஒரு சிவப்பு மணியும் இருந்திருக்கும். 0.5 வரை ரத்தத்தையும், 101 வரை அதை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவத்தையும் உறிஞ்சினால், தண்டுப் பகுதியில் ரத்தம் கலவாத வெறும் திரவமே நிற்கும். குமிழில் உள்ள 100 பங்கில் அரைப் பங்கு ரத்தம், அதாவது 200 மடங்கு நீர்த்த கலவை. கலக்கி முடித்ததும் முதல் இரண்டு சொட்டுகளைக் கொட்டிவிடச் சொல்வது தண்டில் நிற்கும் அந்த வெறும் திரவத்தை வெளியேற்றத்தான். இதைச் சடங்காகச் செய்பவர்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். காரணம் தெரிந்தவர்கள் மறப்பதில்லை. (ஹேயம் திரவத்தில் மெர்குரிக் குளோரைடு கலந்திருக்கிறது. ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழைய வழக்கம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்னும் இருந்தால், மைக்ரோபிபெட் கேட்டுப் பாருங்கள்.)

அடுத்து நியூபவர் அறை, அதாவது அணுக்களை எண்ணுவதற்காகக் கட்டங்கள் கீறிய கண்ணாடித் தகடு. நடுவிலுள்ள சதுரத்தில் ஐந்து கட்டங்களை எண்ணுகிறோம். அவற்றின் மொத்தப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர், ஆகவே கன அளவு 0.02 கன மில்லிமீட்டர். அதை ஒரு கன மில்லிமீட்டருக்கு உயர்த்த 50ஆலும், நீர்த்ததை ஈடுகட்ட 200ஆலும் பெருக்கினால் 10,000 வருகிறது. அதாவது உங்கள் கண் ஓர் அணுவைத் தவறவிட்டால் விடையில் 10,000 குறைகிறது. கோட்டின்மேல் கிடக்கும் அணுக்களில் இடது கோட்டையும் மேல் கோட்டையும் தொட்டவற்றை மட்டும் சேர்த்து, வலதையும் கீழையும் விட்டுவிட வேண்டும் என்ற விதி, ஒரே அணு இரண்டு கட்டங்களின் கணக்கிலும் ஏறிவிடாமல் இருக்கத்தான்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். 47 லட்சம் என்றால் நீங்கள் கண்ணால் கண்டவை 470 அணுக்கள். 51 லட்சம் என்றால் 510. இந்த அளவு எண்ணிக்கையில், கை ஒரு தவறும் செய்யாவிட்டாலும், அணுக்கள் கட்டங்களில் தற்செயலாக விழுவதாலேயே 22 அளவுக்கு முன்பின் ஆகும். 500இன் வர்க்கமூலம் ஏறத்தாழ அதுதான். எனவே உங்கள் முதல் இரண்டு விடைகளுக்குள் சண்டையே இல்லை. 41 லட்சம் மட்டும் தள்ளி நிற்கிறது. அந்த முறை விரல் நுனியில் ரத்தம் சரியாக வராமல் பிழிந்தீர்களா? பிழிந்தால் திசுநீர் கலந்து எண்ணிக்கை குறையும். முதல் சொட்டுகளைக் கொட்ட மறந்தாலும், ரத்தம் 0.5 குறியைத் தொடாமல் நின்றாலும் குறையும். அவற்றுள் எது நடந்தது என்று உங்கள் கைக்குத்தான் தெரியும். அதையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

சீனியர்களின் அறிவுரைக்கு என் பதில் ஒரு பழைய நினைவு. என் வகுப்பில் ஒரு மாணவிக்கு எண்ணும்போதெல்லாம் 32, 33 லட்சமே வந்துகொண்டிருந்தது. தோழிகள் சொன்னபடி அவளும் 45 என்று திருத்தி எழுதியிருந்தாள். அடித்துத் திருத்திய எண்ணைக் கண்டு, சாலி குழாயில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னேன். என் கண்ணெதிரே, பழுப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு நிறத்தை ஒப்பிட்டபோது, அது 8 கிராமில் நின்றது. அவளுக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது. இரண்டு மாதங்களாக மூச்சு வாங்கியதை விடுதி மாடிப்படியின் மேல் பழி போட்டிருந்தாள்.

நர்சிங் பிராக்டிகலில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன் மணிக்கட்டு நாடியைத் தொட்டு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். எப்படியும் காதால் கேட்கத்தானே போகிறோம். இரட்டை வேலை ஏன்?
– ஒரு மாணவர், புதுக்கோட்டை

காது ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருப்பதால். கையில் சுற்றிய பட்டையை ஊதி இறக்கும்போது கேட்கும் ஒலிகளை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் விவரித்தார். சிலருக்கு, குறிப்பாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இந்த ஒலி நடுவில் சற்று நேரம் மறைந்து மீண்டும் தோன்றும். ஒருவருக்கு 180இல் தொடங்கும் ஒலி 160இல் மறைந்து 140இல் திரும்புகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 150 வரை மட்டும் ஊதினால், முதலில் கேட்பது 140; அதையே மேல் அழுத்தம் என்று எழுதிவிடுவீர்கள். நாடி அந்த இடைவெளியில் மறைவதில்லை. விரலுக்கடியில் துடிப்பு நின்ற அளவுக்கு மேல் இன்னும் 30 ஊதிவிட்டுப் பிறகு கேட்டால் இந்தத் தவறு நேராது. வகுப்பில் உள்ள அறுபது பேருக்கும் 120/80 என்று முடிந்திருக்கும் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போனவன் நான். ஒரு 126/74ஐக் கண்டால் அந்த மாணவர் உண்மையிலேயே அளந்திருக்கிறார் என்று மகிழ்வேன்.

பெரிய திரையில் உடலை அடுக்கடுக்காக உரித்துக் காட்டும் டிஜிட்டல் மேசைகள் வந்துவிட்டன. இனியும் இறந்தவர் உடலை அறுத்துத்தான் படிக்க வேண்டுமா?
– ஓய்வு பெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்

டிஜிட்டல் மேசையை நான் எதிர்ப்பவன் அல்லன். மூளைக்குள் உள்ள அறைகளின் வடிவத்தையும், கருவில் இதயம் மடிந்து திரும்பும் விதத்தையும் அது காட்டுவதுபோல் எந்த உடலும் காட்டாது. அறுத்ததை மீண்டும் ஒட்டிப் பார்க்கவும் முடியும். ஆனால் அதில் இருப்பது ஒருவருடைய உடல், அல்லது பலருடைய உடல்களிலிருந்து ஒழுங்குபடுத்திய ஓர் உடல். எத்தனை முறை திறந்தாலும் நரம்பு அதே இடத்தில்தான் இருக்கும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே கயிறுபோல் ஒரு தசைநாண் எழும்பினால், அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையினுடையது. எழும்பாவிட்டால் அஞ்ச வேண்டாம். பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கில் நூற்றுக்கு 15 பேருக்கு அது இருப்பதில்லை, ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு. கைவலிமையில் குறிப்பிடும்படியான குறை எதுவும் வராது. அதனால்தான் வேறிடத்தில் நாண் அறுந்துபோனால் அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து ஒட்டுகிறார்கள். டிசெக்‌ஷன் ஹாலில் பக்கத்து மேசையில் இருக்கும் தசை தன் மேசையில் இல்லை என்று மாணவர் பதறும் நாள், அந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பு நாள்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டதை மனித உடலுக்கும் ஏற்றிச் சொன்னார். மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவற்றுள் ஒன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து கேலனை வாசிப்பார், கீழே நாவிதர் ஒருவர் அறுப்பார், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசித்ததும் கண்டதும் பொருந்தாவிட்டாலும் வாசித்ததே வென்றது. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த வெசாலியஸ் இருக்கையிலிருந்து இறங்கிக் கத்தியைத் தாமே கையில் எடுத்தார். 1543இல் அவர் வெளியிட்ட நூலில் தாடை எலும்பு ஒன்றாகிவிட்டது. திரையின் முன் நிற்கும் மாணவர் மீண்டும் அந்தப் பழைய வகுப்பில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

கைக்கு மட்டும் தெரியும் சங்கதிகளும் இருக்கின்றன. நரம்பு கயிறுபோல் உருளும். தமனி உள்ளீடற்ற குழாயாக அழுந்தி மீளும். சிரை ஈரத்துணிபோல் தட்டையாகக் கிடக்கும். இவற்றை விரலால் பிரித்தறியக் கற்காதவர் கையில் கத்தியைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பேரன் எலும்புப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறான். வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. இவற்றை எங்கிருந்து வாங்குகிறார்கள்?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

அம்மா, உங்கள் சங்கடம் நியாயமானது. முதலில் பேரனிடம் அவை உண்மை எலும்புகள்தாமா என்று கேளுங்கள். இப்போது பிசினில் வார்த்த மாதிரிகளை வாங்குவோர் பெருகிவிட்டார்கள். உண்மை எலும்புகள் பெரும்பாலும் ஒரு சீனியரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறி வருபவை. ஒரு காலத்தில் உலகின் பல கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்துதான் போயின. 1985இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

அவற்றை மரியாதையாக வைத்துக்கொள்வது பேரனின் கடமை. சுத்தமான துணியில் சுற்றி, தனி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அவன் கையில் காறை எலும்பைக் கொடுத்து, வலப்பக்கத்துடையதா இடப்பக்கத்துடையதா என்று கேட்டுப் பாருங்கள். தடித்த முனை மார்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், உள்பகுதியின் வளைவு முன்னோக்கி, நீளப் பள்ளம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உடனே விடை சொல்கிறானென்றால், பெட்டி கட்டிலுக்கடியில் சும்மா கிடக்கவில்லை.

நானும் என் மனைவியும் உடல்தானம் செய்ய விரும்புகிறோம். என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விருப்பப் படிவம் பெற்று, சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யலாம். அதைவிட முக்கியம் பிள்ளைகளிடம் பேசிவிடுவது. இறந்தபின் உடலை ஒப்படைப்பவர்கள் அவர்கள்தாம், அவர்கள் மறுத்தால் படிவத்தால் பயனில்லை. பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் சில தொற்றுநோய்களோடு இறந்தவர் உடலையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. உடல்தானமும் உறுப்புதானமும் வெவ்வேறு. ஆனால் கண்களை மட்டும் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம்.

சுசுருதர் காலத்தில் உடலைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, வெட்டிவேர் போன்றவற்றால் செய்த தூரிகையால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கிப் படித்தார்கள். பிறகு அந்த வழக்கம் நம்மிடம் அற்றுப்போய், 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சமூகத் தடையை மீறிக் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. இன்று கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் முதல் நாள் அந்த உடலின் முன் நின்று உறுதிமொழி எடுத்த பிறகே கையுறை அணிகிறார்கள்.

உடற்கூறியல், உடலியங்கியல் என்ற சொற்கள் வருவதற்கு முன் தமிழில் இவற்றை எப்படி அழைத்தார்கள்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவர்கள் வழங்கிய சொற்கள் அங்காதிபாதம், சுகரணம் என்பவை.

அரசுப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். கருவி எதுவும் இல்லாமல் மாணவர்கள் தம் உடலிலேயே செய்யக்கூடிய ஓர் ஆய்வைச் சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியை, தருமபுரி

1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தை நிறுவக் காட்டிய ஆய்வையே செய்யலாம். முன்கையில் சிரைகள் நன்கு தெரியும் மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முழங்கைக்கு மேலே ஒரு கைக்குட்டையை, மணிக்கட்டு நாடி நிற்காத அளவுக்கு, அழுத்தமாகக் கட்டுங்கள். சிரைகள் புடைத்து, அவற்றில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும், அவையே வால்வுகள். ஒரு முடிச்சுக்குக் கீழே சிரையின்மேல் ஒரு விரலை அழுத்தி, மற்றொரு விரலால் அங்கிருந்து முடிச்சைத் தாண்டும்வரை மேல்நோக்கி ரத்தத்தைத் தள்ளிவிட்டு, அந்த இரண்டாம் விரலை எடுத்துவிடுங்கள். மேலே ரத்தம் நிறைந்திருந்தாலும் முடிச்சுக்குக் கீழுள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும். இப்போது கீழ் விரலையும் எடுங்கள். கண் இமைப்பதற்குள் கீழிருந்து நிரம்பிவிடும். கட்டை இரண்டு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட மறக்க வேண்டாம்.