பராலீகல் படிப்புக்காக வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். ஒரு பொருட்களஞ்சியத்தின் அலுவலகப் பிரிவில் மணித்தியாலத்துக்கு 23 டொலர் சம்பளத்தில் முழுநேரமாக வேலை செய்கிறேன். கணவர் பாரவூர்தி ஓட்டுவதால் அவருடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சட்டத்தரணி அல்லாமல், சில வகை வழக்குகளை மட்டும் நடத்த உரிமம் பெற்ற பராலீகல் ஆக வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். ஒரு தனியார் கல்லூரி ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 17,000 டொலர் கேட்கிறது. அரச கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புகளாக இரண்டரை ஆண்டு படித்தால் ஏறத்தாழ 7,500 டொலர் ஆகும். ஆர்.ஆர்.எஸ்.பி. எனும் என் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் 18,000 டொலர் இருக்கிறது. அடுத்த ஆண்டு இறுதியில் வீட்டுக்கடனைப் புதுப்பிக்க வேண்டும். வேலையை விட்டு, ஆர்.ஆர்.எஸ்.பி. பணத்தை எடுத்து, ஓராண்டில் படித்து முடித்துச் சொந்தமாக அலுவலகம் திறக்கலாமா? எவ்வளவு சம்பாதிக்க முடியும்?

பதில்: சகோதரி, உங்கள் விருப்பம் நல்ல விருப்பம். ஆங்கிலத்தில் வந்த ஒரு வெளியேற்ற அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் எம்மவர் பலரை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய, உரிமம் பெற்ற ஒருவரின் தேவை இங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வழியில், அதாவது வேலையை விட்டு, சேமிப்பை எடுத்து, ஓராண்டில் முடித்து, உடனே அலுவலகம் திறக்கும் வழியில், போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மாலை வகுப்பில் சேருங்கள், வேலையைத் தொடருங்கள், ஆர்.ஆர்.எஸ்.பி.யைத் தொடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

முதலில் தொழிலின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வருமானம் அந்த எல்லைக்குள்தான் வர வேண்டும். ஒன்ராறியோவில் 2007 முதல் பராலீகல்களுக்கு, சட்டத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான லோ சொசைட்டி உரிமம் வழங்கி வருகிறது. உரிமம் பெற்றவர் சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும், வீட்டு உரிமையாளர்களுக்கும் வாடகைக் குடியிருப்பாளர்களுக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்க்கும் சபையிலும், வீதிப் போக்குவரத்துக் குற்ற வழக்குகளிலும், வேலையிடக் காயங்களுக்கான நட்டஈட்டு விசாரணைகளிலும், வாகன விபத்துக் காப்புறுதிக் கொடுப்பனவு தொடர்பான தீர்ப்பாயத்திலும் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். வீடு வாங்கி விற்கும் பத்திரங்களும் உயில்களும் அவருடைய உரிமத்துக்குள் வருவதில்லை. குடிவரவிலும், அகதிகள் சபையின் முன் வரும் விசாரணைகளில் அவர் ஆஜராகலாமே தவிர, வெளிநாட்டிலிருந்து துணைவரை அழைப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதை அந்த உரிமத்தின் கீழ் தொழிலாகச் செய்ய முடியாது. எமது சமூகத்தில் ஒரு சட்ட அலுவலகத்துக்கு மக்கள் அதிகமாக வருவது வீட்டுப் பத்திரத்துக்கும் குடிவரவுக்கும்தான் என்பதால், அந்த இரண்டையும் கழித்துவிட்டு எஞ்சும் வேலையிலிருந்தே உங்கள் வருமானத்தை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்ப வழக்குகளில் சிலவற்றைச் செய்வதற்கான மேலதிக உரிமத்துக்கு லோ சொசைட்டி 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அது தனிப் பயிற்சி கேட்கும் உரிமம் ஆகையால் உங்கள் முதல் சில ஆண்டுக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

விரிந்து வருவது சிறு கோரிக்கை நீதிமன்றம். அங்கே கோரக்கூடிய தொகையின் எல்லை 25,000 டொலராக இருந்தது; அது 2020 ஜனவரி 1 முதல் 35,000 ஆகி, 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 ஆகியிருக்கிறது. ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப்போன நிலக்கீழ் அறை வேலை, திருப்பித் தராத கைமாற்று, கொடுக்கப்படாத சம்பளம் போன்றவற்றில் முன்பு உயர் நீதிமன்றம் போகவேண்டியிருந்த பல வழக்குகள் இப்போது பராலீகல் எடுக்கக்கூடிய வழக்குகளாகிவிட்டன. இந்தத் தொழிலின் எதிர்காலம் பற்றி எனக்கு நம்பிக்கை தரும் மாற்றம் இதுதான். மறுபக்கத்தில், உரிமம் பெற்றவர்கள் ஏற்கெனவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகள் புதியவர்களை அனுப்புகின்றன. முதல் வேலை கிடைப்பதுதான் கடினம். அனுபவம் உள்ளவருக்கு இடம் இருக்கிறது, புதியவர் அந்த அனுபவத்தைச் சம்பாதிக்கும் வரை காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்புக்குரிய பணத்தைக் கல்லூரி விளம்பரங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இனி உங்கள் எண்கள். நீங்கள் இப்போது ஆண்டுக்கு 47,840 டொலர் சம்பாதிக்கிறீர்கள். ஓராண்டு வேலையை விட்டால், படிப்பின் உண்மையான செலவு 17,000 டொலரோடு நிற்பதில்லை; இழந்த சம்பளத்தையும் சேர்த்தால் 64,840 டொலர் ஆகிறது. படிப்பு முடிந்த மறுநாளே உரிமமும் கையில் வராது. உரிமப் பரீட்சை ஆண்டில் குறிப்பிட்ட சில தடவைகளே நடைபெறும், நன்னடத்தை பற்றிய விசாரிப்பும் உண்டு, ஆகவே இன்னும் சில மாதங்கள் வருமானமின்றிக் கழியக்கூடும். அதை நான் இங்கே சேர்க்கவில்லை. உரிமம் பெற்றபின் ஒரு நிறுவனத்தில் மணித்தியாலத்துக்கு 28 டொலர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 58,240 டொலர். இப்போதையதைவிட 10,400 டொலர் அதிகம். வரியைக் கணக்கில் எடுக்காமலே 64,840 டொலரை மீட்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாலை வகுப்பில் படித்தால் இதே உயர்வு 7,500 டொலரை ஒன்பது மாதங்களுக்குள் மீட்டுத் தந்துவிடும். ஒன்றரை ஆண்டு பிந்துகிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் காலம் முழுவதும் சம்பளமும், வேலையிடத்துப் பல், மருந்துக் காப்புறுதிகள் இருந்தால் அவையும் தொடர்ந்து வருகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

28 டொலர் என்பது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். உங்கள் பகுதியில் இன்று வெளியாகியிருக்கும் வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்து, சம்பளம் குறிப்பிட்டவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள். அந்த விளம்பரங்களில் பராலீகல் வேலையும் லோ கிளார்க் வேலையும் கலந்து வரும் என்பதைக் கவனியுங்கள். லோ கிளார்க் ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் வேலை செய்பவர், அவருக்கு உரிமம் தேவையில்லை. வீட்டுப் பத்திரங்களைத் தயாரிக்கத் தெரிந்த நல்ல லோ கிளார்க்குக்குப் புதிய பராலீகலை விட அதிக சம்பளம் கிடைப்பது அபூர்வமன்று. உங்களுக்கு நீதிமன்றத்தில் நின்று பேசும் விருப்பம் இல்லாவிட்டால், உரிமம் இல்லாத அந்த வழி செலவு குறைந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சொந்த அலுவலகம் என்ற ஆசைக்கு வருகிறேன். இதில்தான் நான் உங்களுக்காக அதிகம் கவலைப்படுகிறேன். 8,000 டொலர் கோரும் ஒரு வழக்கை எண்ணிப் பாருங்கள். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வென்றவருக்குப் பிரதிநிதியின் கட்டணத்துக்காக எதிர்த்தரப்பிடமிருந்து கிடைக்கக்கூடியது பொதுவாகக் கோரிய தொகையின் 15 வீதத்தைத் தாண்டாது. இங்கே அது 1,200 டொலர். ஆகவே கட்சிக்காரர் உங்களுக்கு 1,500 டொலருக்கு மேல் கொடுக்கத் தயங்குவார். மனுவைத் தயாரிப்பது, இணக்கப் பேச்சுக் கூட்டம், சாட்சியங்களைத் திரட்டுவது, விசாரணை நாள் எல்லாம் சேர்ந்து 20 மணித்தியாலம் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 75 டொலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனியாளாக இருப்பவருக்குத் தொலைபேசி, கணக்கு, பணம் கேட்டு அலைவது போன்றவற்றுக்கே பாதி நாள் போய்விடும். கிழமைக்கு 15 மணித்தியாலம் மட்டுமே கட்டணம் பெறும் வேலை என்று கொண்டால், 48 கிழமைக்கு 54,000 டொலர் வரும். வாடகை, காப்புறுதி, மென்பொருள், விளம்பரம், லோ சொசைட்டியின் ஆண்டுக் கட்டணம் அனைத்துக்கும் மாதம் 1,500 டொலர் கழித்தால் மிஞ்சுவது 36,000. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் பங்கோடு முதலாளியின் பங்கையும் நீங்களே செலுத்த வேண்டும், மொத்தம் 11.9 வீதம், முதல் 3,500 டொலரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,870 டொலர். வருமான வரிக்கு முன்பே 32,000 டொலர் அளவில் வந்து நிற்கிறீர்கள். இது நீங்கள் இன்று வாங்கும் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே.

பொதுமக்களுக்கு நேரடியாகச் சேவை வழங்கும் பராலீகல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது பத்து இலட்சம் டொலரும், மொத்தமாக இருபது இலட்சம் டொலரும் ஈடுசெய்யும் தொழிற் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் 12 மணித்தியாலத் தொடர் கல்வியும் கட்டாயம். நான்கு தொடர் காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. எனும் விற்பனை வரிக்குப் பதிவு செய்து, 13 வீத வரியை வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும்; அந்தப் பணத்தைத் தன் வருமானமாக எண்ணிச் செலவழித்துவிட்டு ஆண்டு முடிவில் தவிப்பவர்கள் உண்டு. கட்சிக்காரர் முற்பணமாகத் தருவதும் உங்களுடையதன்று. அது கட்சிக்காரரின் பணத்துக்கென்றே தனியாக வைக்கும் நம்பிக்கைக் கணக்கில் இருக்க வேண்டும், வேலையைச் செய்து கட்டணப் பட்டியல் அனுப்பிய பிறகே உங்களுடையதாகும். மாத வாடகைக்கு அதிலிருந்து எடுத்தால் உரிமமே போய்விடும். வழக்குகளைக் கொண்டுவருபவர் என்று சொல்லிக்கொண்டு தரகுப் பணம் கேட்டு யாராவது வந்தால், உரிமம் இல்லாதவருக்கு அப்படிக் கொடுப்பதை லோ சொசைட்டியின் விதிகள் தடை செய்கின்றன என்பதையும் மனத்தில் வைத்திருங்கள்.

வீட்டுக்கடனையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அதே வங்கியில் புதுப்பித்தால் பெரும்பாலும் வருமானத்தை மீண்டும் கேட்பதில்லை. ஆனால் குறைந்த வட்டிக்காக வேறு வங்கிக்கு மாற நினைத்தால் வருமானத்தைக் காட்ட வேண்டும். சொந்தத் தொழில் செய்பவரிடம் வழக்கமாக இரண்டு ஆண்டு வரி மதிப்பீட்டு அறிவித்தல்களைக் கேட்பார்கள். கணவரின் வருமானம் ஏறி இறங்கும் நிலையில், உங்கள் நிலையான சம்பளச் சீட்டுத்தான் அந்த நேரத்தில் உங்களுக்குப் பேரம் பேசும் பலத்தைத் தரும். அந்த ஒரு காரணத்துக்காகவே புதுப்பித்தல் முடியும் வரை வேலையை விடக்கூடாது என்பேன்.

ஆர்.ஆர்.எஸ்.பி. பற்றி: வாழ்நாள் கற்றல் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 10,000 டொலர் வரையும், மொத்தம் 20,000 டொலர் வரையும் வரியின்றி எடுக்கலாம் என்பது உண்மை. அதைப் பத்து ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டத் தவறிய பங்கு அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். இது பொதுவாக முழுநேர மாணவர்களுக்கான சலுகை. மாலை வகுப்பில் பகுதிநேரமாகப் படிக்கும் உங்களுக்குப் பொருந்தாது, நல்லவேளையாகத் தேவையும் இல்லை. 7,500 டொலரை 30 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 250 டொலர்தான். இதற்கு உதவியாக, பலரும் கவனிக்காத கனடா பயிற்சி வரவு ஒன்று இருக்கிறது: 25 வயது முதல் 64 வயது வரை உள்ள, போதிய வேலை வருமானம் பெற்று வரிப் பத்திரம் தாக்கல் செய்தவர்களுக்கு 2019 முதல் ஆண்டுக்கு 250 டொலர் வீதம் அது சேர்ந்து வருகிறது. தகுதியான கல்விக் கட்டணத்தின் பாதி வரை, சேர்ந்திருக்கும் தொகைக்குள், அதைத் திரும்பப் பெறலாம். உங்கள் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது கடைசி வரி மதிப்பீட்டு அறிவித்தலிலேயே அச்சாகியிருக்கும். பகுதிநேர மாணவர்களுக்கும் ஓசாப் எனும் அரச மாணவர் நிதியுதவியும் கடனும் உண்டு. ஆனால் உங்களால் மாதாமாதம் கட்ட முடியுமென்றால் கடன் எடுக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கல்லூரிக்கும் ஒரு டொலர் கட்டும் முன், அந்தப் படிப்பு லோ சொசைட்டி அங்கீகரித்த பட்டியலில், நீங்கள் சேரப்போகும் வளாகத்தின் பெயரோடு இருக்கிறதா என்று நேரடியாக லோ சொசைட்டியின் தளத்திலேயே பாருங்கள். சேர்க்கை அலுவலரின் வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம், ஏனென்றால் அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவர் உரிமப் பரீட்சை எழுதவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் 120 மணித்தியாலக் களப்பயிற்சியும் அடங்கும். அது பெரும்பாலும் சம்பளமில்லாதது, பகல் நேரத்தில் நடப்பது. உங்கள் வேலையிடத்தில் அதற்காக மூன்று கிழமை விடுமுறையை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். களப்பயிற்சியைக் கல்லூரி ஒழுங்கு செய்யுமா, நீங்களே தேட வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; பலருக்கு முதல் வேலை கிடைப்பது அந்த இடத்தில்தான்.

அதற்கும் முன்பாக, ஒரு நாள் விடுப்பு எடுத்து, சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஒரு விசாரணையை முழுவதுமாகக் கேளுங்கள். முடிந்ததும், அங்கே ஆஜரான பராலீகல்களில் ஒருவரை அணுகி, முதல் மூன்று ஆண்டுகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். அந்தப் பதிலையும், இருபது விளம்பரங்களின் சம்பளத் தாளையும் எனக்கு அனுப்பினால், 28 டொலர் என்ற என் எண்ணை எடுத்துவிட்டு உங்கள் எண்ணை வைத்து இந்தக் கணக்கை மீண்டும் போட்டுத் தருகிறேன்.