ஈயக் குழாயில் தெருப் பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா?

“மெயின் குழாயிலிருந்து எங்கள் எல்லை வரை உள்ள ஈயக் குழாயைக் குடிநீர்த் துறையே மாற்றித் தருகிறது. எல்லைக்கு உள்ளே இருப்பதை எங்கள் செலவில் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். இப்போதைக்குத் தெருப் பகுதி மட்டும் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இரண்டு பகுதியையும் ஒரே நாளில் மாற்ற வழி பிறக்கும்வரை பழைய குழாயில் கை வைக்காமல், சரியான ஃபில்டர் போட்டுக் குடிப்பது பாதி மாற்றுவதைவிட மேல். கிடைக்கிற பாதியையும் கெடுக்கிறேனே என்று சிலர் கோபப்படலாம். காரணத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஈயக் குழாயின் உட்சுவரில் பல பத்தாண்டுகளாக ஒரு படிவு ஏறியிருக்கும். தண்ணீருக்கும் ஈயத்துக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு அதுதான். குழாயை நடுவில் அறுக்கும்போது அந்தப் படிவு அதிர்ந்து செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்தது வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், குழாய் வாய் வழியாக வந்துகொண்டே இருக்கும். அதோடு, மீந்த ஈயத்தோடு புதுச் செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால், தண்ணீருக்குள் இரண்டும் ஒரு மின்கலம் போல ஆகிவிடும். அதில் அரிபடுவது ஈயம்தான். நடுவில் பிளாஸ்டிக் கப்ளிங் போட்டால் இந்த இரண்டாவது தொல்லை குறையும், உதிர்வது குறையாது. வாஷிங்டன் நகரில் 2000-இல் கிருமி நீக்கக் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கத் தொடங்கியதும் பழைய படிவு கரைந்து ஈய அளவு எகிறியது. அதற்குத் தீர்வு என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் தெருப் பகுதியை மட்டும் மாற்றினார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவும், பாதி மாற்றம் ஈயத்தைக் குறைக்கும் என்று நம்ப முடியாது என 2011-இல் சொல்லிவிட்டது.

“பாஸ்பேட் கலந்தால் படிவு கெட்டியாகிவிடுமே, ஏன் தோண்ட வேண்டும்?” என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். இதற்குக் கலக்கும் ஆர்த்தோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் வகை நல்ல தடுப்புதான். மாற்றி முடிக்கும்வரை அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் சரியான அளவில் கலந்தால்தான் அது தடுப்பு. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்கவில்லை. குடிநீரில் ஈயம் ஏறியதை உலகமே பார்த்தது. ஈயம் மண்ணுக்குள் இருக்கும்வரை, நீரின் வேதியியலில் யாரோ ஒருவர் செய்யும் ஒரு மாற்றம் குழந்தைகளின் ரத்தத்தில் போய் நிற்கும்.

முதலில் உங்கள் குழாய் எது என்று பாருங்கள். மீட்டருக்கு முன்னால், சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டினால் போதும். வெள்ளிபோல மின்னி, காந்தம் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது ஜி.ஐ. குழாய். செம்பு நிறம் தெரிந்தால் செம்பு. ஈயக் குழாய் வால்வோடு சேரும் இடம் வெங்காயம் போலப் புடைத்திருக்கும். சுரண்டிய தூளை ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். தமிழில் ஒரு குழப்பம் உண்டு: பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வெள்ளீயம், அது வேறு உலோகம். நாம் பேசுவது காரீயம். “ஈயப் பாத்திரம் புழங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்ற வாதம் இங்கே செல்லாது.

வீட்டுப் பக்கம் செம்பாக இருப்பதால் தெருப் பக்கமும் செம்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லை வால்வின் இரு பக்கமும் சிறு குழி தோண்டிக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜி.ஐ. என்றால் தப்பித்தோம் என்பதும் தவறு. அதற்கு முன்னால் எப்போதாவது ஈயக் குழாய் இருந்திருந்தால், உள்ளே ஏறிய துருவில் ஈயத் துகள் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

பரிசோதனைக்கு ஒரே ஒரு பாட்டில் பிடித்து அனுப்பாதீர்கள். குறைந்தது 6 மணி நேரம் வீட்டில் யாரும் தண்ணீர் திறக்காமல் இருந்த பிறகு, வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டில்களில் எண் போட்டு, இடைவிடாமல் பத்து பாட்டில் பிடியுங்கள். குழாய் வாயில் திருகியிருக்கும் சிறு வலையைக் கழற்றக் கூடாது. வழக்கமான வேகத்தில் திறக்க வேண்டும். கணக்கு எளிது: 19 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.28 லிட்டர், 13 மி.மீ. குழாயில் 0.13 லிட்டர் நிற்கும். சமையலறையிலிருந்து தண்ணீர் மீட்டர் வரை 13 மி.மீ. குழாய் 12 மீட்டர் ஓடினால் முதல் ஒன்றரை லிட்டர் வீட்டுக்குள் நின்ற நீர். அதற்கு அப்பால் 19 மி.மீ. ஈயக் குழாய் 15 மீட்டர் என்றால், அதில் நின்ற நீர் இரண்டாம் பாட்டிலிலிருந்து ஆறாம் பாட்டில் வரை வரும். முதல் பாட்டிலை மட்டும் சோதித்து “சுத்தம்” என்று சொல்லும் அறிக்கை உங்கள் ஈயக் குழாயைத் தொடவே இல்லை. பத்தும் நன்றாக வந்தாலும், ஈயக் குழாய் இருப்பது தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். செதில் உதிரும் நாளைச் சோதனை முன்கூட்டிச் சொல்லாது.

வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் ஒப்பந்தக்காரரிடம் சரியாகக் கேட்கலாம். தெரு முழுக்கப் பள்ளம் வெட்ட வேண்டியதில்லை. மெயின் குழாயில் வீட்டு இணைப்பு கிளம்பும் ஃபெரூல் என்ற மூட்டு இருக்கும் இடத்தில் ஒரு குழி, வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்று. பழைய குழாய்க்குள் இரும்புக் கம்பிக் கயிற்றைச் செலுத்தி, மறுமுனையில் புதுக் குழாயைக் கட்டி இழுத்தால், பழையது வெளியே வர வர அதே வழியில் புதியது உள்ளே போகும். மிச்சிகனின் லான்சிங் நகரம் இந்த முறையைப் பக்குவப்படுத்தி, ஒரு வீட்டுக்கு ஆகும் நேரத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது. 2016 முடிவில் அங்கே ஈய இணைப்பே மிச்சமில்லை. களிமண் இறுக்கிப் பிடித்திருந்தாலோ வேர் சுற்றியிருந்தாலோ ஈயம் மென்மையானது என்பதால் பாதியில் அறுந்துவிடும். அப்போது பக்கத்திலேயே துளைக் கருவியால் புது வழி போட வேண்டியிருக்கும். அந்தக் கருவி தளத்தில் தயாராக இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் பாதி வேலையில் வீடு தண்ணீரில்லாமல் நிற்கும்.

ஈயத்தை ரம்பத்தால் அறுக்க விடாதீர்கள். சக்கரக் கட்டர் போதும், தூள் பறக்காது. ஃபெரூல், எல்லை வால்வு, மீட்டரின் பழைய பித்தளை இணைப்புகள் எல்லாவற்றையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். மெயினிலிருந்து கிளம்பும் இடத்தில் அரை மீட்டர் அளவுக்கு வளைந்த ஈயத் துண்டு இருக்கலாம். நேர்க்குழாய் செம்பாக இருக்கும் தெருக்களிலும் இந்தத் துண்டு ஒளிந்திருப்பதுண்டு.

மாற்றி முடித்த நாளில் செய்யும் கழுவலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய் வலைகளையும் கழற்றுங்கள். ஃபில்டர், வாட்டர் சாஃப்ட்னர் பக்கம் நீர் போகாமல் அடையுங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளம் வரை ஒவ்வொன்றாகக் குளிர்நீர்க் குழாய்களை முழுசாகத் திறந்து, கடைசிக் குழாயும் திறந்த பிறகு 30 நிமிடம் ஓட விடுங்கள். திறந்த வரிசையிலேயே மூடி, வலைகளைக் கழுவி மாட்டுங்கள். வெந்நீர்க் குழாயை இந்த நேரத்தில் திறக்கவே கூடாது. திறந்தால் துகள் ஹீட்டருக்குள் போய்த் தங்கிவிடும். அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஃபில்டர் நீரில்தான் குடிப்பதும் சமைப்பதும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி சோதனை. ஃபில்டர் உறையில் என்.எஸ்.எஃப். தரமுத்திரைகளில் ஈயத்துக்கான 53, துகளுக்கான 42 இரண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது; நீர் ஆவியாகி ஈயம் செறிவாகும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு உடலில் சேரும் ஈயத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை தண்ணீர் வழியாகவே வரக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. அந்த வீட்டில் இந்த ஒழுங்கில் ஒரு நாள்கூடத் தளர்வு கூடாது.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். “ஈயமற்றது” என்று முத்திரை குத்திய பழைய பித்தளைக் குழாய்களை நம்பி வீட்டுக்குள் வைத்திருக்கும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஏமாற்றப்பட்டவர்கள். அமெரிக்கச் சட்டத்தில் 1986 முதல் 8 சதவீதம் வரை ஈயம் இருந்தாலும் அந்தப் பெயரைப் போடலாம் என்று இருந்தது. 2014-இல்தான் நீர் படும் பரப்பின் சராசரி 0.25 சதவீதம் என்றானது. பூஜ்யம் இல்லாத பொருளுக்கு “அற்றது” என்று பெயர் வைக்க அனுமதித்தது பெரிய அநியாயம். உங்கள் வீட்டுக் குழாய் அந்தக் காலத்தது என்றால் சமையலறையில் உள்ளதையாவது மாற்றிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். “வீட்டுப் பகுதி உங்கள் பாடு” என்ற கடிதத்தை மாற்ற முடியாத ஆணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மேடிசன் நகரம் 2001 முதல் 2012 வரை ஏறக்குறைய 8,000 இணைப்புகளை மாற்றியது. உரிமையாளர் செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, திருப்பித் தந்தது. அந்தப் பணத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் அலைபேசி ஆன்டெனா வைக்க வாடகை வாங்கித் தேடியது. அதே நாட்டின் நியூவார்க் நகரம் 2019-இல் தொடங்கி மூன்றாண்டுக்குள் 23,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளை வீட்டுக்காரர்களிடம் காசு வாங்காமல் மாற்றியது. அங்கே பெரிய சிக்கல் வாடகை வீடுகள்: உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் குழந்தைகள் ஈய நீரே குடிக்க வேண்டியிருந்தது. உரிமையாளர் ஒப்புதல் இல்லாமலும் மாற்றலாம் என்று நகரமே விதி செய்த பிறகு வேலை ஓடியது. தனியாக மனு கொடுக்காமல் தெருவே சேர்ந்து கொடுங்கள். ஆளும் கருவியும் ஒருமுறை வந்து இறங்கும் செலவு இருபது வீட்டுக்குப் பிரியும்போது துறைக்கும் மறுக்கக் காரணம் குறையும். மனுவில் மூன்று கேட்கலாம்: இரு பகுதியும் ஒரே நாளில், வேலை தொடங்குமுன் வீட்டுக்கு ஒரு ஃபில்டரும் ஆறு மாத கார்ட்ரிட்ஜும், எந்த வீட்டில் எந்த உலோகம் எடுத்து எது போட்டார்கள் என்ற எழுத்துப் பதிவு.

குழாய் உடைந்து அவசரமாகப் பாதி மாற்ற நேர்ந்தால் அது வேறு. அப்போதும் தண்ணீர் திறக்குமுன் ஃபில்டர் கைக்கு வந்திருக்க வேண்டும்; மீதிப் பாதிக்கான தேதியை அன்றே எழுதி வாங்க வேண்டும்.

கடைசியாக எலெக்ட்ரீஷியன் விஷயம். பழைய வீடுகளில் எர்த் கம்பியை இந்த உலோகக் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். புதுக் குழாய் பிளாஸ்டிக் என்றால் வீட்டுக்கு எர்த்தே இருக்காது. வெட்டும் நேரத்தில் குழாயில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் குழிக்குள் இருக்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. வெட்டுவதற்கு முந்தைய நாளே தனி எர்த் கம்பம் அடித்து, எர்த் சோதிக்கும் மீட்டரால் சோதித்து, வெட்டும் இடத்தின் இரு பக்கத்தையும் ஒரு கம்பியால் இணைத்த பிறகே கட்டர் வைக்க வேண்டும்.