காளானைக் கழுவலாமா, துடைத்தால் போதுமா?

கேள்வி: டாக்டர், பட்டன் காளானைத் தோலுரித்து, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகே சமைக்கிறேன். தண்ணீரே படக்கூடாது, துணியால் துடைத்தால் போதும் என்கிறார் அக்கா. இவ்வளவு பார்த்துச் செய்தும் காளான் சாப்பிட்ட அன்று வயிறு உப்பிக்கொள்கிறது. சரியாகச் சுத்தமாகவில்லையா?

பதில்: வயிறு உப்புவதற்கு அழுக்கு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பட்டன் காளானில் மானிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் அதிகம், அதைச் சிறுகுடல் முழுவதுமாக உறிஞ்சாது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது. எவ்வளவு கழுவினாலும் இது போகாது. அளவைக் குறைத்துப் பாருங்கள், அல்லது சிப்பிக் காளானுக்கு மாறுங்கள், அதில் மானிட்டால் குறைவு.

சரி, கழுவும் விஷயம். தாராளமாகக் கழுவலாம். காளானில் சுமார் 90 சதவீதம் ஏற்கெனவே தண்ணீர்தான், ஓடும் தண்ணீரில் சில விநாடிகள் காட்டி, விரலால் தேய்த்து, குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளையும் ஒருமுறை அலசி எடுத்தால் அது பெரிதாக உறிஞ்சிவிடாது. அரை மணி நேரம் ஊறுவதுதான் வேண்டாத வேலை, சதை சொதசொதவென்று ஆகிவிடும், சுவையும் போய்விடும். தோலுரிக்க வேண்டிய அவசியமும் இல்லை, காம்பின் அடி நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள். சமைப்பதற்குச் சற்று முன்புதான் கழுவ வேண்டும், கழுவி ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வழவழப்பாகிக் கெட்டுவிடும். அப்படி வழவழத்து வாடை வந்ததைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது வேக வைப்பதைத்தான். காளானின் செல் சுவர் கைட்டின் என்ற கடினமான பொருளால் ஆனது, பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டால் செரிப்பது சிரமம். வதக்கும்போது முதலில் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் வற்றும்வரை அடுப்பில் இருக்கட்டும். ஷிடாகே காளானைச் சரியாக வேகாமல் சாப்பிட்ட சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் உடம்பில் சாட்டையடி பட்டதுபோல் சிவந்த கோடுகள் வருவதுண்டு. எனோகி என்ற மெல்லிய நீளக் காளானில் லிஸ்டீரியா கிருமி இருந்து நோய் பரவியிருக்கிறது, அது ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும், அதனால் கர்ப்பிணிகள் அதை நன்றாகக் கொதிக்க வைக்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தானாக முளைத்த காட்டுக் காளானுக்கு இந்த எதுவும் பொருந்தாது. சில நச்சுக் காளான்களில் உள்ள அமடாக்சின் என்ற விஷம் கழுவினாலும் கொதித்தாலும் அழியாது, வாந்தி பேதி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். யாராவது அப்படிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.