டிகிரியா, சர்டிபிகேட்டா?

அன்புள்ள அண்ணா,

டிப்ளமோ ஈசிஇ முடித்து இரண்டு வருடமாகக் கோவையில் நெட்வொர்க் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேராக இரண்டாம் வருடத்தில், பி.இ. சேரச் சொல்கிறார் அப்பா. கூட வேலை செய்பவர்களோ, “லினக்ஸுக்கு ரெட்ஹாட், நெட்வொர்க்குக்கு சிசிஎன்ஏ சர்டிபிகேட் முடி, போதும். டிகிரியை யார் கேட்கிறார்கள்?” என்கிறார்கள். நான் என்ன செய்வது?

க., கோவை

அன்புள்ள தம்பி,

டிகிரியைக் கேட்கத்தான் செய்கிறார்கள். வேலை தெரிந்த ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே, டிகிரி இல்லாத விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் நிறைய. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்1பி விசாவுக்கும் பட்டம் வேண்டும். அது இல்லாதவருக்கு 3 வருட அனுபவத்தை ஒரு வருடக் கல்லூரிப் படிப்பாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வேலையை விடாதீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நான் முதலில் ரெட்ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் தேர்வை எழுதுவேன். அதில் விடையை டிக் அடிக்கும் வேலையே கிடையாது. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சிஸ்டத்தைக் கொடுத்து, இதைச் செய், அதைச் செய் என்பார்கள். செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் நானும் அப்படித்தான் கேட்பேன். ஒருமுறை மூன்று சான்றிதழ்களோடு ஒரு தம்பி வந்திருந்தார். புது டிஸ்க்கை மவுன்ட் செய்து, அதாவது சிஸ்டத்தோடு இணைத்து, எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். ரீபூட் செய்யச் சொன்னேன். சிஸ்டம் ஒன்றரை நிமிடம் காத்திருந்து, முழுதாகத் தொடங்காமல், பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியில் ஓர் எழுத்துப் பிசகு. அது யாருக்கும் நடக்கும். ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் அந்த வரியைத் திருத்தினால் முடிந்தது. அவருக்கோ அந்தத் திரையே புதிது. டம்ப், அதாவது தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு, வாங்கி மனப்பாடம் செய்துதான் பாஸ் செய்தேன் என்று அவரே சொன்னார். கெட்டிக்காரப் பையன், எனக்கு மனசே ஆறவில்லை. தயவுசெய்து நீங்கள் டம்ப் பக்கமே போகாதீர்கள்.

சிசிஎன்ஏ, ஆர்எச்சிஎஸ்ஏ இரண்டும் 3 வருடத்துக்குத்தான் செல்லும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். டிகிரிக்கு அந்தத் தொல்லை இல்லை. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவைக் கல்லூரிகளில் மாலை நேர பி.இ. நடத்துகிறார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வகுப்பில் போய் உட்காருவது சிரமம்தான். ஆனால் பகலில் கையால் தொட்ட நெட்வொர்க் ஸ்விட்சைப் பற்றி மாலையில் பாடம் கேட்டால் ஒரு வரிகூட மறக்காது. இந்த வாரமே போய் விசாரித்துவிட்டு, அப்பாவிடம் பேசுங்கள்.