ஒரே கொரோனா ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகப் பரவியதும் கொன்றதும் ஏன்?

பரவலையும் சாவையும் தனித்தனியாகப் பார்த்தால் பதில் கிடைக்கும். எத்தனை பேருக்குத் தொற்றும் என்பதில் மக்கள் உறங்கும் அறைக்கும் கூலிக்கும் பெரும் பங்கு உண்டு. தொற்றியவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது வயதையும் மருத்துவமனையையும் பொறுத்தது. நான் நேரில் கண்ட சிங்கப்பூரையே சொல்கிறேன்.

2020இல் அங்கே கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்துத் தம்பிகள்; மற்றவர்கள் வங்கதேசத்தினர். அவர்கள் தங்கிய விடுதி அறையில் ஈரடுக்குக் கட்டில்கள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கும். கட்டில் கம்பிகளிலேயே ஈரத்துணி, தலைமாட்டில் அரிசி மூட்டை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை, ஒரு மாடிக்கே பொதுவான கழிப்பறையும் அடுப்பும். காலையில் லாரியின் பின்புறம் தோளோடு தோள் உரச வேலைக்குப் போவார்கள். இதில் எங்கே போய் ஒரு மீட்டர் இடைவெளி விடுவது?

காய்ச்சலை வெளியில் சொல்லவும் தயங்கினார்கள். எம்சி (மருத்துவர் தரும் நோய் விடுப்புச் சான்று) எடுத்தால் ஓவர்டைம் போய்விடும். முதலாளி வேலை பர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம். ஊரில் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதைத்தான் எவரும் செய்வார்கள். அதை அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதுவரை உலகமே பாராட்டிய சிங்கப்பூர், ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப்படுத்த நேர்ந்தது. ஆண்டு இறுதியில் வெளியான அரசுக் கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 1,52,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. 47 சதவீதம்! அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் வந்துபோனதே ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் 29 பேர்தான். தொழிலாளர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்பது முக்கியக் காரணம். அத்துடன், மருத்துவக் குழுக்கள் விடுதிக்கே வந்தன. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைக் கொடுத்தார்கள். நோய் லேசாக இருந்தவர்களைக் கண்காட்சி அரங்குகளில் தங்கவைத்ததால் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பி வழியவில்லை.

பிரேசிலின் மனாஸ் நகரில் நடந்தது வேறு. பரந்து விரிந்த அமேசோனாஸ் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எல்லாம் அந்த ஒரு நகரத்தில்தான் இருந்தன; மாநிலத்தின் மற்ற ஊர்க்காரர்கள் பலர் படகிலோ விமானத்திலோதான் அங்கே போய்ச் சேர முடியும். 2021 ஜனவரி நடுவில் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. உறவினர்கள் சிலிண்டருக்கு வரிசையில் நின்றார்கள். நோயாளிகளை விமானத்தில் வேறு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். ஆக்சிஜன் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நெருக்கடியான அறை பணக்கார நாட்டுக்கோ ஏழை நாட்டுக்கோ தனியாக உரியதல்ல. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற இடங்களில் 16 சதவீதம் பேருக்கும், தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. ஒரே வார்டு, ஒரே காற்று. வேறுபாடு அறையிலும் பொதுக் கழிப்பறையிலும்தான்.

அதனால், அடுத்த தொற்றுக்கு ஒரு நாடு தயாரா என்று கேட்பவர்களிடம் தடுப்பூசிக் கிடங்கை மட்டும் பார்க்காதீர்கள் என்பேன். சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறதா, ஒரு கழிப்பறையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் 2021இல் புதிய விடுதிகளுக்கு விதியை மாற்றியது: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. பழைய விடுதிகள் படிப்படியாக மாறினால் போதும். புதிய தரத்தை முழுமையாக எட்ட அவற்றுக்கு 2040 வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். அது மிக நீண்ட காலம்.