நீங்க போட்ட ப்ரஷ்யா (அப்போ ஜெர்மன் பேரரசுக்குள்ள இருந்த பெரிய ராஜ்யம்) போர் அமைச்சர்கள் டைம்லைன்ல ப்ரான்சார்ட்ங்கற பேர் ரெண்டு தடவை வருது. ஒரே ஆள்தான் ரெண்டு தடவை போர் அமைச்சரா இருந்தாரா?

இல்லங்க, அது ரெண்டு பேர். அண்ணன் பால், 1883-லேர்ந்து 1889 வரை. தம்பி வால்டர், 1893-லேர்ந்து 1896 வரை. ரெண்டு பேருமே ப்ரான்சார்ட் ஃபோன் ஷெல்லன்டார்ஃப், ரெண்டு பேருமே ஜெனரல், அதான் நீங்க போட்ட டைம்லைன்ல ஒருத்தர் ராஜினாமா பண்ணிட்டு நாலு வருஷம் கழிச்சு திரும்பி வந்த மாதிரி தெரியுது.

பெரும்பாலும் குழப்பம் எங்க வரும்னா, பழைய புத்தகங்கள்ல முதல் பேரே போடாம வெறும் ப்ரான்சார்ட்னு எழுதிட்டு போயிடுவாங்க.

செக் பண்ண ஈஸியான வழி, இறந்த வருஷம் பாருங்க. பால் 1889-ல பதவி விட்டு கோனிக்ஸ்பெர்க்ல முதலாம் ஆர்மி கோர்ங்கற பெரிய படைப்பிரிவுக்கு கமாண்டரா போனவர், 1891-லயே இறந்துட்டார், அப்புறம் எப்படி 1893-ல அமைச்சர் ஆவார்? வால்டர் 1914 வரை இருந்தார். அதே மாதிரி 1870-ல பிரான்ஸோட நடந்த செடான் சண்டையில எதிரி கோட்டைக்குள்ள போய் சரணடையச் சொல்லி, பிரெஞ்சு பேரரசர் மூணாம் நெப்போலியன் உள்ளதான் இருக்கார்னு சேதி கொண்டு வந்தது பால், ப்ரஷ்ய ராணுவத் தலைமை அதிகாரி மோல்ட்கேவோட ஸ்டாஃப்ல இருந்தவர். ராணுவ கோர்ட் விசாரணையை மக்கள் பார்க்க விடணும்னு நின்னு, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மோட முட்டிக்கிட்டு பதவிய விட்டது வால்டர். எனக்கு தம்பி கதைதான் சுவாரஸ்யம், ஆனா யாரும் கண்டுக்கறதில்ல.

ஒண்ணு கவனிங்க, ஜெர்மன் போர் அமைச்சர்னு எழுதாதீங்க. பேரரசுக்குன்னு அப்படி ஒரு பதவியே கிடையாது, இவங்க ப்ரஷ்யாவோட அமைச்சர்கள், பவேரியாவுக்கும் சாக்சனிக்கும் தனித்தனியா ஆள் இருந்தாங்க.