ஒரே நிறம்: கேள்வி பதில்

கே: சிவப்பு ரோஜாவைப் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றினேன். பூவும் இலையும் ஒரே சாம்பலாகிவிட்டன. ஏன்?

ப: நிறத்தில்தான் சிவப்புக்கும் பச்சைக்கும் பகை; வெளிச்ச அளவில் இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, அடியோடு குறைத்தால் மிஞ்சுவது அந்த அளவு மட்டுமே. சாச்சுரேஷனைத் தொடாமல், படத் திருத்தச் செயலியில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியே மாற்ற உதவும் 'பிளாக் அண்ட் ஒயிட்' மிக்ஸரைத் திறங்கள். சிவப்பை ஏற்றினால் பூ வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். இலைக்காகப் பச்சை ஸ்லைடரை இழுத்துவிட்டு 'அசையவே மாட்டேன் என்கிறது' என்று பலரும் குறைபடுவதுண்டு. இலையின் பச்சையில் மஞ்சள் அதிகம். மஞ்சளை இழுத்துப் பாருங்கள். பின்னால் வானம் இருந்தால் நீலத்தை அளவோடு இறக்குங்கள். மிஞ்சினால் வானம் புள்ளி புள்ளியாகும், கிளை ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். சுருக்கிச் சேமித்த ஜேபெக் கோப்பு சீக்கிரம் கெடும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஓரளவு தாங்கும்.

ஃபிலிம் என்றால் படமெடுக்கும்போதே ஃபில்டர் போட்டாக வேண்டும். 25ஆம் எண் சிவப்பு ஃபில்டர் பூவை வெளுத்து இலையைக் கறுக்கும். சுமார் 3 ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). லென்ஸ் வழியே அளக்கும் மீட்டர் அதில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும். நீங்களும் 3 ஸ்டாப் கூட்டினால் நெகட்டிவ் அடர்ந்துவிடும்.

கே: ஒரே வண்ணத்தில் நீர்வண்ண ஓவியம் பழக எந்த நிறம் நல்லது?

ப: மஞ்சள் வேண்டாம். எவ்வளவு கெட்டியாகப் பூசினாலும் அதில் இருட்டு வராது. பர்ன்ட் அம்பர், இண்டிகோ, பெயின்ஸ் கிரே ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். முதலில் 5 கட்டம் போட்டு, ஒரு கோடியில் முழு அடர்த்தி, மறுகோடியில் வெறும் தாள், நடுவில் 3 படிகள். பூசும்போது சரியாக இருந்த படி காய்ந்ததும் வெளுத்துவிடும். காய்ந்த பிறகுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். வெள்ளை வண்ணம் கலக்காதீர்கள், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கும். தண்ணீரே போதும். பிக்காசோவின் நீலக் காலத்து (1901–1904) ஓவியங்களைக்கூட உற்றுப் பாருங்கள்: நீலத்துக்குள் பச்சையும் இருக்கும். கறாரான ஒற்றை நிறம் அதைவிடக் கடினமான பயிற்சி.

கே: வெயில் பட்டு நீல நிறத்தில் படம் விழும் சயனோடைப் அச்சில் வெள்ளை வரவேண்டிய இடமும் நீலமாகிறது. சில அச்சுகளில் படமே கழுவிப் போகிறது.

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறு. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியே 100 மில்லி கரைசலாக்கி, பூசும்போது மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். கலந்து வைத்த பழைய கரைசலோ, பூசிக் காயும்போது பட்ட வெயிலோதான் வெள்ளையைக் கெடுக்கும். பூசிய தாள் இருட்டில் காயட்டும். காய்ந்ததும் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும், நீலம் ஏறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். படம் கழுவிப் போவது வெயில் போதாததால். நிழல் பகுதிகள் வெண்கலச் சாம்பலாகும் வரை விடுங்கள். பிறகு மஞ்சள் முழுக்கப் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். ஃபெர்ரிசயனைடோடு வலுவான அமிலத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு வெளியாகும்.